வலிக்காத பல்லோடு வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு

எழுபதுகளின் தொடக்கம், மாரி ஓய்ந்த தை மாதம். அக்காவின் கணவர் சின்னராசா மச்சானைப் பல் வைத்தியரிடம் காட்ட வாகரையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய நாற்பது மைல். மச்சான் கப்பலில் வேலை செய்தவர். ஏதோவொரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் அவருடைய சீழ் கட்டிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, அன்றைக்கே அந்தக் குழிக்குள் உலோகத் திருகாணி ஒன்றை இறக்கி, மேலே பொய்ப்பல் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது பெரிய புதினம்.

"நோகுதா மச்சான்?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்பார். ஆனால் கன்னம் வீங்கியிருந்தது. அவர் அறையை விட்டுப் போன பிறகும் ஒரு வாடை அங்கேயே நிற்கும்.

காலை ஆறு மணி பஸ். வழியில் கடல்நீர் ஏறி நிற்கும் களப்பைக் கடக்க மிதவைதான். பஸ்ஸையும் அதிலேதான் ஏற்றுவார்கள். அன்று தண்ணீரில் அசைவே இல்லை. மீன் கூடையோடு வந்த ஒரு பெண் சாக்கைப் புரட்டினாள், பலகைக்கடியில் குனிந்து பார்த்தாள். "இஞ்ச என்னமோ செத்துக் கிடக்குது கா" என்றாள் பக்கத்தில் நின்றவளிடம். தேடிக்கொண்டே எங்களருகே வந்தவள், மச்சானின் முகத்தைப் பார்த்ததும் மிதவையின் மறுகோடிக்குப் போய்விட்டாள். மச்சான் துவாயால் வாயை மூடிக்கொண்டார்.

ரயிலும் பஸ்ஸும் ஒரே வழியாகப் போகும் ஓட்டமாவடிப் பாலத்தில் பஸ் அதிர்ந்தது. மச்சான் என் கையைப் பிடித்தார்.

"பல்லு ஆடுது. ஆனா நோகுதில்ல. அதுதான் பயமாக் கிடக்கு."

மட்டக்களப்பில் வைத்தியர் அதைத் தொட்டார், அவ்வளவுதான். இழுக்கவேயில்லை, பல்லும் திருகாணியும் விரல்களோடு வந்துவிட்டன. அதில் ஒட்டியிருந்ததைக் கண்ணாடித்துண்டில் தடவி, நுணுக்குக்காட்டியில் வைத்து எங்களையும் பார்க்கச் சொன்னார். சுருள் சுருளாக, குச்சி குச்சியாக, ஒரு பெருங்கூட்டம் நெளிந்துகொண்டிருந்தது.

மச்சான் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "இவ்வளவும் எனக்குள்ளயா உயிரோட இருந்த?"

"ஓம். சீழ் பிடிச்ச குழி ஆற முந்தி ஆணிய இறக்கியிருக்காங்க" என்றார் வைத்தியர். "எலும்பு ஆணியப் பிடிக்கல்ல, கிருமிதான் பிடிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா கழுத்துக்கு இறங்கியிருக்கும்."

ஆஸ்பத்திரியில் சில நாள் காய்ச்சலில் கிடந்து பிழைத்தார். குழி ஆற மாதக்கணக்காயிற்று.

இப்போது அந்த வழியில் மிதவை இல்லை, பாலம் இருக்கிறது. பல் பிடுங்கிய அன்றைக்கே செயற்கை வேர் வைப்பதும் இன்று நடக்கிறது. சிலருக்கு ஒத்துவரும், சிலர் புண் ஆறும்வரை பொறுக்க வேண்டும். அதை வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். வைத்த பிறகு ஈறு கசிந்தாலோ நாறினாலோ, வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

மச்சான் பிறகு பல்லே வைக்கவில்லை. வீட்டில் ஏதாவது வாடை வந்தால் நாங்கள் செத்த எலியைத் தேடுவோம். அவர் மட்டும் எழுந்துபோய்க் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்.