முகம் தேய்த்த பத்து நாட்கள்

நேற்று குளியலறைப் பக்கம் போனால் காப்பி வாசனை ஆளைத் தூக்கியது. மகள் ஏதோ கரகரப்பான பசையை முகத்தில் போட்டு அரக்கிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் செக்கச்செவேலென்று கிடக்கிறது. நிறுத்தச் சொன்னால், "டெட் செல்லையெல்லாம் எடுக்கும்மா" என்கிறாள். செத்ததோடு உயிரோடிருந்ததையும் சேர்த்து எடுத்தவள் நான். அவள் காது கொடுக்க மாட்டாள், உங்களிடமாவது சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. கம்பத்துப் பக்கம் திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் வேலை. வெயில் வஞ்சனையில்லாமல் முகத்தைக் கறுக்க வைத்திருந்தது. குமுளியில் கட்டிக்கொடுத்த அக்கா, மச்சானோடும் கைக்குழந்தையோடும் வந்திருந்தாள். "இவுக ஊருக்குப் போறதுக்குள்ள எல்லாருமா ஒரு போட்டோ எடுத்துருவோம்" என்றார் அய்யா. எதற்குமே ஆசைப்படாத மனுஷன். எனக்கோ, சிவத்த அக்கா பக்கத்தில் கரிச்சட்டியாக நிற்கப்போகிறேனே என்ற கவலை.

கூட வேலை பார்த்த செல்விதான் வழி சொன்னாள். "காப்பித்தூளும் சீனியும் போட்டுத் தேயிடி. வாரத்துக்கு ஒருக்காப் போதும்." நான் காலையும் மாலையும் தேய்த்தேன். நாலாம் நாள் கன்னம் மினுமினுத்தது. அதுதான் வினை. விரல் போதாதென்று முதுகு தேய்க்கிற பீர்க்கங்கூட்டையும் எடுத்துக்கொண்டேன்.

இதில் கொடுமை, பகலெல்லாம் நான் பார்த்த வேலை. திராட்சை மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய மாவு படிந்திருக்கும். அது கலைந்தால் பழம் சீக்கிரம் கெட்டுவிடும். "காம்பப் புடிச்சுத் தூக்குங்க, பழத்துல கை படக்கூடாது. யாவாரி பாத்தா பெட்டியவே தள்ளிருவாக" என்று மேஸ்திரி கத்திக்கொண்டே இருப்பார். பழத்தை அத்தனை பதனமாகத் தூக்கி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொந்தத் தோலை உரித்திருக்கிறேன். நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

பத்தாம் நாள் தோல் வழன்று நீர் கசிந்தது. அதன்மேல் எலுமிச்சையைத் தடவினேன் பாருங்கள், அந்த அறிவை எங்கே போய்ச் சொல்ல! "அடியே, மூஞ்சிய என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று அக்கா அலறிவிட்டாள். இன்றைக்கும் வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் கன்னம் காந்துகிறது.

ஸ்டுடியோவுக்குப் போயும் நிற்க மாட்டேனென்று அடம்பிடித்தேன். "இருக்கபடி இருந்துட்டுப் போகுது, வா ஆத்தா" என்று அய்யா மூன்று தடவை கூப்பிட்டார்.

"மூஞ்சி ஆறட்டும்ய்யா. அடுத்த தடவ அக்கா வரும்போது எடுப்போம்."

குழந்தை வேறு சிணுங்கியது. நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கைதட்டி, "இங்கன பாரு, இங்கன பாரு" என்று விளையாட்டுக் காட்டினேன்.

அக்கா அடுத்த தடவை வந்தது அய்யாவின் சாவுக்கு. ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. திராட்சைத் தோட்டம் முழுக்க மனைக்கல் ஊன்றிவிட்டார்கள்.

படம் இருக்கிறது. அம்மா, அக்கா, மச்சான் மூவரும் கேமராவைப் பார்த்து விறைப்பாக இருக்கிறார்கள். குழந்தை சிரிக்கிறது. அய்யா மட்டும் கேமராவைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.