செவிட்டு மாமனார் கேட்காத வசனம்

எந்தக் கிளப்புக்குப் போனாலும், தேநீரைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சுரமா பௌமிக் ஒரு கேள்வி கேட்பாள்: “எதையெல்லாம் வெட்டியிருக்கீங்க?”

ஹூக்ளி ஆற்றின் இரு கரையிலும் இருந்த அலுவலகக் கிளப்புகளுக்கு அது பழகிப்போன கேள்வி. குளிர்காலம் வந்தால் குமாஸ்தாக்களுக்கு நாடகப் பித்து பிடித்துவிடும். ஆண் வேஷத்துக்கு அடிதடி. பெண் வேஷத்துக்குத் தங்கள் வீட்டுப் பெண்களை மேடை ஏற்றுவார்களா? மாட்டார்கள். சம்பளத்துக்கு ஒருத்தியை அழைப்பார்கள். அநேகமாக அது சுரமாவாகத்தான் இருக்கும். நாடகமும் அநேகமாக ‘செவிட்டு மாமனார்’தான், பாட்டன்மார் காலத்திலிருந்தே ஊரைச் சிரிக்கவைத்த நாடகம். வீட்டார் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளச் செவிடாக நடிக்கும் கிழவர்; கடைசியில் அதைக் கண்டுபிடிக்கும் சின்ன மருமகள். அந்த மருமகள்தான் சுரமா.

ஆனால் ஒவ்வொரு கிளப்பும் நாடகத்தைத் தன் வசதிக்கு வெட்டிக்கொள்ளும். வங்கிக்காரர்கள் போலீஸ்காரரை வெட்டினார்கள். ரயில்வேக்காரர்கள் முதல் அங்கத்தையே வெட்டினார்கள், ஊருக்குப் போக ரயில் தப்பிவிடுமாம்! இத்தனை மாமனார்களையும் சுரமா தலைக்குள் தனித்தனியே குடிவைத்திருந்தாள்.

எல்லா மேடையிலும் ஒரே மாதிரி வரைந்த ஜன்னல், அதற்கப்பால் வரைந்த தென்னை. மார்கழி மத்தியில் தான் எந்தக் கரையில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மங்கிப்போகும். ஒரு பிற்பகல், சணல் ஆலைக் கிளப்பு நாடகத்துக்காகப் படகில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தாள். மூடுபனி. கரை தெரியவில்லை. கண் அயர்ந்தது. கையில் தேநீர்த் தட்டோடு தண்ணீர்மேல் நடந்து போகிறாள். இரு கரையிலும் யாரோ சிரிக்கிறார்கள். விழித்தபோது படகு தாமதமாகியிருந்தது. ஓடிப்போய் அரிதாரம் பூசிக்கொண்டாள். அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

முதல் அங்கம். மாமனார் வேஷத்தில் ஆலையின் குமாஸ்தா நிராபத சாமந்த நாற்காலியில் சாய்ந்திருந்தார். சுரமா தேநீர்த் தட்டோடு நுழைந்தாள். முதல் அங்கத்தையே வெட்டிய ரயில்வே கிளப்பில் நேற்று இதே தட்டோடு நுழைந்தபோது சொன்னது வாயில் வந்துவிட்டது.

“உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்னு எனக்குத் தெரியும் பாபா.”

கடைசி அங்கத்து வசனம்! சொன்ன பிறகுதான் உறைத்தது. கிளப்புச் செயலர்கள் எல்லோரும் காலையில் ஒரே ரயிலில் போகிறவர்கள். ‘சுரமாவுக்கு ஞாபகம் போச்சு’ என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிவது இந்த மருமகளால்தான்.

நிராபத அசையவில்லை. யாரும் எதுவும் சொல்லாததுபோல் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

“யாரு, சின்ன மருமகளா? வந்தா ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?”

அரங்கம் சிரிப்பில் வெடித்தது. சுரமா அவர் காதருகே குனிந்து கத்தினாள்: “டீ பாபா, டீ!”

திரை விழுந்ததும் செயலர் ஃபணி பாபு பாய்ந்து வந்தார். “என்ன தீதி, அந்த வசனம் அங்க எப்படி வந்துச்சு?”

“நான்தான் சொல்லச் சொன்னேன்,” என்றார் நிராபத, ஒட்டுமீசையைப் பிய்த்தபடி. “மருமகளுக்கு மொதல்லயே சந்தேகம் இருந்தாத்தான்யா ருசி.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொன்னேனே. உனக்குத்தான் காது கேக்கல.”

படித்துறைவரை வழியனுப்ப வந்தவரிடம் சுரமா கேட்டாள்: “இதுக்கு நான் என்ன திருப்பிச் செய்யறது நிராபத பாபு?”

அவர் கூச்சத்தோடு சிரித்தார். “இத்தனை வருஷம் கூட நடிச்சும் உங்க நடிப்பை நான் பார்த்ததே இல்ல தீதி. வசனம் எப்ப முடியும், நான் எப்ப ஆரம்பிக்கணும்னு உங்க வாயையே பார்த்துக்கிட்டிருப்பேன். ஒரு நாள் முன்வரிசையில உக்காந்து, கடலை கொறிச்சுக்கிட்டே சிரிக்கணும்.”

“அவ்வளவுதானே? கடன் என் பேர்ல இருக்கட்டும்.”

அடுத்த குளிர்காலத்தில் ரயில்வே கிளப்புக்கு அவரை வரவழைத்து, முன்வரிசையின் நடு நாற்காலியில் உட்காரவைத்தாள். கடலைப் பொட்டலத்தை அவர் பிரிக்கவும், அந்தக் கிளப்பின் செயலர் ஓடி வரவும் சரியாக இருந்தது. “எங்க மாமனாருக்குத் திடீர்னு டியூட்டி போட்டுட்டாங்க நிராபத பாபு! உங்களுக்குத்தான் வசனம் அத்தனையும் தெரியுமே, ஏறுங்க மேல!”

ஏறினார். எதை வெட்டியிருக்கிறார்கள் என்று தெரியாமல், முன்னைவிட உன்னிப்பாக அவள் வாயையே பார்த்துக்கொண்டு நடித்தார்.

பிறகு அலுவலகங்களுக்குப் பெண் டைப்பிஸ்டுகள் வந்தார்கள். மருமகள் வேஷத்தை அவர்களே கட்டினார்கள். சுரமாவை மகள் ஜபல்பூருக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே பனி இறங்கும் மாலைகளில் சால்வைக்குள் கண் அயர்ந்தால் திரை விலகும். முன்வரிசையில் நிராபத உட்கார்ந்திருப்பார். அவள் முதல் வசனத்துக்கு வாய் திறப்பதற்குள் யாரோ ஒரு செயலர் ஓடி வந்து, அவர் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துக்கொண்டு போவார்.

அந்தக் கடனை அடைக்காமலே அவள் போய்ச் சேர்ந்தாள்.