ஆளுக்கு எண்பது ரிங்கிட்

என் கணவரின் அக்கா, என் மச்சாள், ரொறன்ரோவிலிருந்து அழைத்து, ஆகஸ்ட் விடுமுறைக்கு வரப்போவதாகச் சொன்னபோது, எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, பின்னறையில் கிடந்த சாமான்களை ஒதுக்கத் தொடங்கிவிட்டேன். அவர் சொன்னது வேறு. கொழும்புக்கு வரவில்லையாம், மலேசியாவுக்காம்.

"நீங்களும் பிள்ளையளோட வாங்கோ. ஹோட்டலை நான் பாக்கிறன். டிக்கெட்டை மட்டும் நீங்கள் எடுங்கோ."

ஏன் கொழும்பு வேண்டாம் என்று என் கணவர் கேட்கவில்லை. காரணம் இருவருக்கும் தெரியும். முந்திய வருடம்தான் மச்சாளுக்கு விவாகரத்து முடிந்திருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் லேனுக்குள் காலெடுத்து வைத்தால் மரக்கறிக் கடை வாசலிலேயே யாராவது நிறுத்தி, "தனியவே வந்தனீங்கள்? அவர் வரேல்லையோ?" என்று கேட்பார்கள். அதற்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவருக்குத் தெம்பில்லை.

மச்சாள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், வேதக்காரி, கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் கல்யாணத்துக்கு என் கணவரின் சைவக் குடும்பத்தில் ஒருவரும் முகங்கொடுக்காத நேரத்தில், கனடாவிலிருந்து வந்து இறங்கி, எனக்குக் கூறைச்சேலை எடுத்துத் தந்தவர் அவர். ஆகவே, அவர் மலேசியா என்றால் எனக்கும் மலேசியாதான்.

டிக்கெட் எடுத்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும், என் கணவர் விஷயத்தைத் தொடங்கினார். போகிற இடத்தில் மலைமேல் ஒரு பெரிய தீம் பார்க் இருக்கிறது. ஒவ்வொரு ராட்டினத்தை விட்டு இறங்கும்போதும் வாசலில் ஒரு கடை இருக்குமாம். அதைத் தாண்டாமல் வெளியே வர முடியாதாம். அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா ரெண்டு வேலை செய்யிறா. ஹோட்டலே பெரிய செலவு. எங்கட பிள்ளையள் அங்க போய் அது வேணும் இது வேணும் எண்டு அவவின்ர கையைப் பாக்கக் கூடாது. அந்தக் காசு எங்கட காசாத்தான் இருக்க வேணும்."

"எவ்வளவு குடுப்பம்?"

"ஆளுக்கு அம்பது ரிங்கிட் காணும்."

"அம்பதுக்கு ஒரு தொப்பிதான் வருமப்பா."

நான் நூறு என்றேன். கடைசியில் எண்பதில் வந்து நின்றோம். எங்கள் ரூபாயில் அது சின்னத் தொகை இல்லை. காஸ் விலையும் கரண்ட் பில்லும் ஏறிய வருடங்களுக்குப் பிறகு நாங்கள் எடுத்த முதல் பயணம் அது. பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மகளுக்குப் பதினொன்று, மகனுக்கு ஆறு. காசு அவரவர் கையில் தரப்படும், விருப்பமானதை வாங்கலாம், நாங்கள் வாய் திறக்க மாட்டோம், முடிந்தால் முடிந்தது, ரொறன்ரோ மாமியிடம் கேட்கக் கூடாது என்று சொன்னார்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். "நாங்கள் கேக்காம மாமி தானா வாங்கித் தந்தா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அதை அங்க போய்ப் பாப்பம்," என்றார்.

வெள்ளவத்தையின் பிரதான தெருவான காலி வீதியில் காசு மாற்றப் போனபோது, பிள்ளைகளுக்கு என்று சொன்னேன். கடைக்கார முஸ்லிம் நானா, "அப்ப பெரிய நோட்டு வேணாம், சின்னச் சின்னதா தாரன். புள்ளைகளுக்குக் கை நெறைய இருந்தாத்தான் சந்தோஷம்," என்று பத்தும் ஐந்துமாக எண்ணித் தந்தார். அன்றைக்கு இரவு மகன் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் மச்சாளைக் கண்டபோது எனக்கு அடையாளம் பிடிக்க ஒரு கணம் எடுத்தது. அவ்வளவு மெலிந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மகன், ஒன்பது வயது, கழுத்தில் பெரிய ஹெட்போன். "மாமிக்கு ஹலோ சொல்லு," என்றதும் சொன்னான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற பிள்ளை.

மறுநாள் கேபிள் காரில் மலைக்கு ஏறினோம். வெள்ளவத்தைக் கடற்காற்றில் வேர்த்து வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அந்தக் குளிரே பெரிய விளையாட்டு. வாயால் புகை விட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் ராட்டினத்தை விட்டு இறங்கிய வாசலில், சொன்னபடியே கடை இருந்தது. மச்சாள் நேரே உள்ளே போய்த் தன் மகனுக்கு ஒரு பெரிய ரிமோட் கார் வாங்கினார். அவன் கேட்கவில்லை. "தாங்க்ஸ் அம்மா," என்றான். பை அவர் கையிலேயே இருந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த கடையில் ஒரு ஜாக்கெட், அதற்கடுத்ததில் ஒரு பொம்மை. மத்தியானத்துக்குள் அவர் இரண்டு தோளிலும் பைகள் தொங்கின.

என் மகன் முதல் கடையிலேயே, பொத்தானை அமர்த்தினால் நிறம் மாறுகிற ஒரு வெளிச்ச வாளை வாங்கிவிட்டான். அறுபத்தைந்து ரிங்கிட். என் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மகள் ஒன்றும் வாங்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்றாக எடுத்து விலையைப் பார்த்து வைத்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மச்சாளின் மகன் அவள் பின்னால் போகத் தொடங்கியதைக் கண்டேன். ஹெட்போன் கழுத்திலிருந்து பைக்குள் போயிருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் வினை வந்தது. ஒரு கடையில் டைனோசர் முட்டை இருந்தது. தண்ணீரில் போட்டால் வெடித்துக் குட்டி வருமாம். மகன் அதைக் கண்டான். விலை முப்பத்தைந்து. கையில் இருந்தது பதினைந்து. வாளைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டான். முடியாது என்றதும் கடைக்குள்ளேயே நிலத்தில் படுத்துவிட்டான். அழுகை கடை முழுக்கக் கேட்டது.

மச்சாள் கார்டை எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனார்.

"அக்கா, வேண்டாம்," என்றார் என் கணவர். "அவனிட்ட மிச்சம் இருக்கிறது இதுக்குக் காணாது."

"ஒரு முட்டை தானேடா."

"அது சரி. நாங்கள் அவனோட முதலே கதைச்சு வைச்சது."

"என்ர மருமகனுக்கு நான் ஒரு சாமான் வாங்கிக் குடுக்கக் கூடாதோ? நான் ஆரும் பிறத்தியாளே?"

அவர் குனிந்து மகனைத் தூக்கப் பார்த்தார். மச்சாள் கார்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு வெளியே போனார். நான் பிள்ளையை என் கணவரிடம் விட்டுவிட்டுப் பின்னால் போனேன்.

வெளியே ஒரு மர வாங்கில் பைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய தம்பியின் ரோஷத்தைப் பற்றி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை அசைத்தார்.

"அவன் சொன்னது சரிதான். எனக்குத் தெரியும்." பைகளைக் காட்டினார். "இதில ஒண்டைக்கூட என்ர பிள்ளை கேக்கேல்லை. கவனிச்சனீரே? உம்மட மகன் நிலத்தில விழுந்து அழுறான். எனக்கு அதைப் பாக்க ஆசையா இருந்தது. இவன் அழுறதே இல்லை. தகப்பனிட்டப் போனா ஒரு பெட்டி குடுத்து விடுவார். அதைவிடப் பெரிசா நான் ஒரு பெட்டி வாங்கி வைச்சிருப்பன். அறை முழுக்கப் பெட்டி. பாதி உடைக்கவே இல்லை."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் குளிர்ந்துபோய் இருந்தன.

அப்போதுதான் மகளும் அந்தப் பையனும் வந்தார்கள். மகள் அவனைப் பார்த்து, 'சொல்லு' என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"அம்மா, எனக்கும் எய்ட்டி தாறீங்களா?"

"என்ன வேணும் எண்டு சொல்லு ராசா, வாங்கித் தாறன்."

"இல்ல. நீங்க வாங்க வேண்டாம். எய்ட்டி மட்டும். என்ர கையில."

"அது முடிஞ்சா?"

"முடிஞ்சா முடிஞ்சுது," என்றான். அது யாருடைய வசனம் என்று எனக்குத் தெரியும்.

மச்சாளிடம் கார்டைத் தவிரக் காசு இல்லை. விம்மலோடு வந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு என் கணவர் வெளியே வந்து கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் பர்ஸை எடுத்து எண்பதை எண்ணிப் பையனிடம் கொடுத்தார்.

"ஹோட்டலுக்குப் போய்த் திருப்பித் தாறன்," என்றார் மச்சாள்.

"பேசாம இருங்கோ அக்கா. மாமா மருமகனுக்குக் குடுக்கிறது."

"அப்ப மாமி மருமகனுக்குக் குடுத்தா மட்டும் பிழையோ?"

என் கணவர் நின்றுவிட்டார். தோளில் இருந்த பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினார்.

"பிழையில்லை," என்றார் கடைசியில். "ஆனா முட்டை வேண்டாம் அக்கா."

மச்சாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்தான். மகன் தலையைத் தூக்கி, யாராவது மனம் மாறிவிட்டார்களா என்று பார்த்து, இல்லை என்று கண்டதும் மறுபடி படுத்துக்கொண்டான்.

அந்த எண்பதைச் செலவழிக்க அந்தப் பையன் எடுத்த நேரம் இருக்கிறதே! மாலை வரை கடை கடையாக நடந்தோம். ஒரு தொப்பியைப் போட்டுப் பார்த்தான், கழற்றினான், மகளோடு குசுகுசுத்தான், திரும்ப வைத்தான். காலையில் அவன் தாய் வாங்கிக் கொடுத்த எதையும் அவன் இப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. இறுதியில் தனக்கென்று ஒரு சின்ன மரக் குரங்கு வாங்கினான். பிறகு இன்னொரு சின்னப் பையோடு தாயிடம் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அம்மா, இது அப்பாக்கு. ஓகேயா?"

ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் படம். மேகத்துக்கு நடுவே கேபிள் கார். தாயின் காசில் தகப்பனுக்கு வாங்கித் தரும்படி கேட்க அவனுக்கு வாய் வந்திருக்காது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மச்சாள் அதைக் கையில் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். நானும் என் கணவரும் வேறெங்கோ பார்ப்பதுபோல் நின்றோம்.

"வடிவா இருக்கு," என்றார். "உடைஞ்சு போகும். இந்த ஜாக்கெட்டுக்குள்ள சுத்தி வை."

இறங்குகிற கேபிள் காரில் மகள் தன் கணக்கைக் கிளப்பினாள். வகுப்புச் சிநேகிதிகள் மூவருக்குப் பேனாவும் தனக்கொரு கைச்சங்கிலியும் போக, அவளிடம் இருபத்திரண்டு ரிங்கிட் மிச்சம். அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டாள். இதைப் பற்றி நாங்கள் பேசி வைக்கவே இல்லை.

"திருப்பித் தர வேணும்," என்றார் தகப்பன்.

"எனக்குத் தந்தது தானே அப்பா. தம்பி மிச்சப் பதினைஞ்சுக்கும் ஐஸ்கிரீம் வாங்கி முழுக்க முடிச்சான். நான் முடிக்கேல்லை எண்டு எனக்குத் தண்டனையா?"

மச்சாள் மகளின் பக்கம், நான் என் கணவர் பக்கம். கீழே வந்து சேர்வதற்குள் நாங்கள் இருவரும் தோற்றுப்போனோம்.

நாங்கள் கொழும்புக்குத் திரும்பி ஒரு மாதம் போல இருக்கும். மச்சாள் அழைத்தார். மகன் தகப்பனிடம் போய், இனிப் பெட்டி வேண்டாம், மாசத்துக்கு இவ்வளவு என்று கையில் தாருங்கள், அம்மாவும் நீங்களும் ஒரே அளவு தர வேண்டும் என்று சொல்லிவிட்டானாம். தகப்பன் உடனே மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.

"வக்கீல் இல்லாம நாங்கள் கதைச்சது இதுதான் முதல்தரம்," என்றார் மச்சாள். "முக்கால் மணித்தியாலம்."

"எவ்வளவு எண்டு முடிவெடுத்தனீங்கள் அக்கா?" என்று என் கணவர் கேட்டார்.

"எங்க முடிஞ்சுது? அவர் இருபது டொலர் எண்டுறார். நான் பத்துக் காணும் எண்டு நிக்கிறன். நாளைக்குத் திரும்பப் போன் எடுக்கிறாராம்."