மிதிக்காமலே சுழன்ற விஞ்சு

சிலியின் தெற்கே, சிலோயே தீவுகளில் நாங்கள் சந்தைக்குப் போவது நோல்ஃபாவின் படகில்தான். கணவன் விட்டுப்போன பிறகு அவளே சுக்கானைப் பிடித்தாள். நங்கூரத்தைக் கையால் இழுத்திழுத்து அவள் இடுப்பு விட்டுப்போக, தம்பி எரிபெர்த்தோ பிடிவாதமாக, நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும் ஒரு மின்சார விஞ்சு வாங்கிப் பொருத்தினான். முன்பக்கம் காலால் மிதிக்க ஒரு பொத்தான்; சுக்கான் அறையில் இன்னொன்று.

அன்று மழை. கடல் வற்றியிருந்ததால் கெனாக் தீவுக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருந்தோம். நீர் ஏறியதும் நோல்ஃபா பொத்தானை மிதித்தாள். சங்கிலியோடு கடல்பாசி கொத்தாகச் சுற்றிக்கொண்டு வர, விஞ்சு திணறியது. காலை எடுத்தாள், நின்றது. குனிந்து பாசியைப் பிய்க்கும்போது திடீரென்று சுழன்றது. அவள் வெடுக்கென்று கையை உருவினாள். கையுறை உள்ளே போயிற்று. ஒரு நகம் பெயர்ந்து ரத்தம் வழிந்தது. விஞ்சும் நின்றுவிட்டது.

"டேய்! நான் கையை உள்ள விட்டிருக்கும்போது எதுக்குடா அமுக்கின?"

எரிபெர்த்தோ சுக்கான் அறையிலிருந்து ஓடிவந்தான். "நான் எங்க அமுக்கினேன்? சுக்கானைத்தான் புடிச்சிட்டிருந்தேன்!"

"அப்போ யாரு அமுக்குனா, மீனா?"

"உன் முட்டிதான் பட்டிருக்கும், அக்கா."

நோல்ஃபா தன் முட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ பக்கத்துலதான நின்ன. என் முட்டி பட்டுச்சா?"

பட்டதுபோலவும் இருந்தது, படாததுபோலவும் இருந்தது. "இவன் கை எப்பவும் சும்மா இருக்காது" என்றாள் பயணிகளில் ஒரு கிழவி. அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

அப்போது விஞ்சு மறுபடி ஒரு சுற்றுச் சுற்றியது. முன்பக்கப் பொத்தானருகேயும் சுக்கான் அறையிலும் ஒருவரும் இல்லை. நோல்ஃபா தம்பி பக்கம் திரும்பினாள்.

"மெயின் சுவிட்சை அணைடா! யாரும் கிட்ட வராதீங்க."

அவன் அணைத்ததும், சங்கிலி கடலுக்குள் ஓடிவிடாதபடி கொக்கியை மாட்டினாள். அதன் பிறகே பாசியைத் தொட்டாள். மீதிச் சங்கிலியை எல்லோருமாகக் கையால் இழுத்தோம்.

கரையில் முன்பக்கப் பொத்தானைக் கழற்றினார்கள். ரப்பர் உறை கிழிந்து, உள்ளே உப்புத்தண்ணீர் தேங்கி, கம்பிகள் பச்சை பூத்திருந்தன.

"இந்தத் தண்ணியில கரண்டு பாஞ்சுதான் தானா சுத்துச்சாக்கா?"

"இதாத்தான் இருக்கணும். ஆனா இத்தனை நாள் மழையில சும்மா இருந்துச்சே? ஒண்ணும் புரியலடா." பொத்தானைக் கீழே வைத்துவிட்டு, "உன்னப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள்.

"நானே என்னைச் சந்தேகப்பட்டேன், அக்கா. தெரியாம கை பட்டுச்சோன்னு."

புதுப் பொத்தான் போட்ட பின் விஞ்சு ஒழுங்காகவே இருக்கிறது. நோல்ஃபாவுக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. மெயின் அணைந்ததா என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் இப்போதெல்லாம் சங்கிலிப் பக்கம் குனிகிறாள். எரிபெர்த்தோ ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. இரண்டு முறையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான்.