அம்மானின் நாவலும் சித்தப்பாவின் தட்டும்

என் அம்மான் எழுதிய ஒரே நாவல் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டிருந்தது. அந்தச் சம்பவம் நடந்தது எங்கள் வீட்டில். பாதியை அவருக்குச் சொன்னவள் நான். வயது ஒன்பது, கூலி இரண்டு பெப்பர்மிண்ட்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். வீடு ஒன்றுதான், அறையும் அடுப்பும் தனி. சித்தப்பா பர்மாவுக்குப் போய் ஆறு வருஷமாகியும் சித்தி தன் அடுப்பில் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். கல்யாணச் சீராக வந்த வெள்ளித் தட்டை அவருக்கென்று எடுத்து வைத்து, சற்றுக் காத்திருந்து, பிறகுதான் தான் சாப்பிடுவாள். மிஞ்சிய சோறு காலையில் மாட்டுக்குப் போகும். நான் சொன்னது இவ்வளவுதான்.

மறுபாதி, சித்தப்பாவுக்குப் பர்மாவில் வேறு குடும்பம் இருந்தது. பெரியவர்களில் சித்திக்கு மட்டும் அது தெரியாது. எனக்கும் தெரியாது.

புத்தகம் வந்த அன்று அம்மா தன் தம்பியான அம்மானைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ காதுக்குப் போனா என்னடா ஆகும்?"

"பேரை மாத்தியாச்சு. காரைக்குடியைத் தஞ்சாவூராக்கியாச்சு, பர்மாவைச் சிங்கப்பூராக்கியாச்சு. இன்னும் என்ன செய்யச் சொல்றீக ஆச்சி?" அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"தட்டை மாத்துனியா?"

அம்மான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அம்மா புத்தகத்தைத் துணிப்பெட்டியில் ஒளித்தாள். சித்திக்கு எழுத்துத் தெரியாது. மறுநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மான் கதை எழுதியிருக்காகளாமே. எடுத்துட்டு வந்து வாசி ஆத்தா."

அம்மா தூங்கும் நேரத்தில் துணிப்பெட்டியிலிருந்து எடுத்துவந்து இரண்டு மத்தியானம் வாசித்தேன். வெள்ளித் தட்டு வந்த இடத்தில் சித்தியின் கையில் முறம் நின்றது. "ம், மேல வாசி" என்றாள். கணவனின் சிங்கப்பூர்க் குடும்பம் தெரிந்ததும் கதாநாயகி கிணற்றில் விழுந்தாள். கதை முடிந்தது.

"அந்தச் சிங்கப்பூர்க்காரிக்கு எத்தனை பிள்ளைக?"

"ரெண்டு சித்தி. மூத்தது பையன்."

"கதையிலதானே?"

அட்டையை விரல் வைத்துப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். "உண்மைச் சம்பவம்."

சித்தி மறுபடி முறத்தை எடுத்தாள். "கெணத்துல விழுந்தாளாக்கும். உங்க அம்மானுக்கு வேற வேலை இல்லை."

அன்று மாலையும் இரண்டு பேருக்குத்தான் ஆக்கினாள். தட்டை வைத்தாள். காத்திருக்காமல், என்னைக் கூப்பிட்டு அதன் முன் உட்காரவைத்துச் சோறு போட்டாள். தானும் கூடவே சாப்பிட்டாள்.

கல்யாணமாகிப் போகும்வரை நான் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன். அம்மா ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. கதை வாசித்ததற்குக் கூலி என்று நினைத்துக்கொண்டேன். பெப்பர்மிண்டைவிட நல்ல கூலி.