நாலு விரற்கடை குறைந்த மனிதர்

மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் அவருக்கு ஏணி என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒருவரைக் கை காட்டுவார்கள். மேல் தட்டில் இருக்கும் லென்ஸ் பெட்டியை எடுக்க வேண்டுமா, சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி போட வேண்டுமா, கூப்பிடு ஏணியை. எடுத்துக் கொடுத்ததும், "இந்த வளத்திக்கு இதாவது உதவுதே" என்று ஒரு இளிப்பு. ஆறடி நாலங்குலம் வளர்ந்தது என்னவோ அவர் யாரையும் கேட்காமல் செய்துவிட்ட அத்துமீறல் போலப் பேசுவார்கள். அவரும் பதிலுக்கு அசட்டுச் சிரிப்பு சிரித்து வைப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

லென்ஸைச் சட்டத்துக்குத் தகுந்தபடி இழைத்துப் பொருத்துவது அவர் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் விரிசல் விடும், குறைந்தால் கழன்று விழும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையால் கெட்டுப்போன லென்ஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அவருக்கென்று செய்த சாமான் எதுவும் உலகத்தில் சரியான அளவில் இல்லை. கட்டிலுக்கு வெளியே பாதம் தொங்கும். குளியலறைக் கண்ணாடியில் கழுத்துவரை தெரியும், முகம் தெரியாது. பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கூரை இடிக்காமல் தலையைச் சாய்த்தால் மூக்கு நேராக யாராவது ஒருவருடைய உச்சந்தலையில் போய் நிற்கும். பொடுகு, சாயம் இறங்கிய நரை, மூன்று நாள் வியர்வை, அதற்கு மேல் ஊற்றிய மலிவு சென்ட். உயரமாக இருந்தால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்று பொறாமைப்படுகிறவர்கள் ஒரு வாரம் அந்த பஸ்ஸில் போய்வந்துவிட்டுப் பேசட்டும்.

அந்த நாற்றத்துக்குப் பயந்துதான் சகலையின் காரில் போக ஒப்புக்கொண்டார். மனைவியின் அக்கா புருஷன். பட்டறை இருக்கும் அதே கட்டடத்தில், ஒரு மாடி கீழே, காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. தீப்பெட்டி மாதிரி ஒரு கார். முன் சீட்டில் சகலையின் கைப்பையும் சாப்பாட்டுப் பையும் ராஜா மாதிரி உட்கார்ந்து வரும். பின் சீட்டில் ஏணி மூன்றாக மடங்கி வருவார். முழங்கால் இரண்டும் முன் சீட்டுகளுக்கு நடுவே கியர் அருகே துருத்திக்கொண்டு நிற்கும்.

சகலைக்கு உடம்பின் எந்தத் துவாரமும் சும்மா இருக்கக் கூடாது. சிக்னலுக்கு சிக்னல் மூக்கு. பாலத்தில் ஏறினால் பல். கதவின் பையில் என்றோ உரித்த ஆரஞ்சுத் தோல் பூசணம் பிடித்துக் கிடக்கும். இதையெல்லாம் ஆறு வருஷம் ஏணி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சகித்தார். அதுவும் சும்மா இல்லை. தினமும் இறங்கும்போது, "நான் இல்லன்னா உன் பாடு என்னாகும்" என்ற மந்திரத்தையும் கேட்டுக்கொண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. சகலை வீட்டுச் சாவியைக் காதுக்குள் விட்டு ஆற அமரக் குடைந்தார். வெளியே எடுத்தார், பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு பார்வையைச் சாலையில் வைத்தபடியே கையைப் பின்னால் நீட்டி, கையில் தட்டுப்பட்ட துணியில் துடைத்தார். அது ஏணியின் முழங்கால்.

"சகல, அது என் முட்டி."

சகலை கண்ணாடியில் பார்த்தார். "அதுக்கென்ன, தொவைச்சா போயிடும்" என்று சொல்லிவிட்டு, சாவியின் மறுபக்கத்தையும் அதிலேயே துடைத்தார்.

அடுத்த சிக்னலில் ஏணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "இனிமே செத்தாலும் உங்க கார்ல ஏற மாட்டேன்" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"ஏறாம எங்க போவ? உன் உடம்புக்கு எவன் வண்டி செஞ்சு வெச்சிருக்கான்? பத்தே நாள், நீயா வந்து நிப்ப."

அதோடு விட்டாரா? அன்று சாயந்திரத்துக்குள் மாமனார் வீடு, மச்சான் வீடு என்று ஒரு வீடு பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பத்து நாள் கெடு உறவு முழுக்கத் தெரிந்துபோனது. இனி அந்தக் காரில் ஏறினால் ஏணி மனிதராக நடமாட முடியாது.

மறுபடி பஸ். இரண்டு பஸ் மாறியதில் ஒரே வாரத்தில் மூன்று நாள் தாமதம். பட்டறை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சைக்கிளில் போகலாம் என்றால், கட்டட வாசலில் நிறுத்திய இரண்டு சைக்கிள்கள் ஏற்கெனவே காணாமல் போயிருந்தன. மேலே கொண்டுபோக வேண்டும். லிஃப்டில் பெரிய சைக்கிள் நுழையாது. அப்போதுதான் மனைவி, "என்னோட பழைய வண்டி மாடிப்படிக்குக் கீழ கிடக்குதே" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் டைப்பிஸ்ட் வேலைக்குப் போக அவள் வாங்கியது. அப்போதே அது பழைய வண்டி. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய சக்கரங்கள், தாழ்வாக வளைந்த சட்டம். அவள் உயரம் நாலடி பத்தங்குலம். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் முழுக்கக் கரப்பான் முட்டை. செயினில் எண்ணெயும் தூசியும் தலைமுடியும் சேர்ந்து பிசுக்காக உறைந்திருந்தன. ஏணி அதை இரண்டு விரலால் பிடித்து, உடம்பில் படாமல் தள்ளிக்கொண்டு போனார்.

சைக்கிள் கடைக்கார அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கட்டை குட்டையான உருவம், அதற்கு இரு மடங்கு வாய். வண்டியைப் பார்த்தாள், ஏணியை அண்ணாந்து பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான்க்கா."

"கண்றாவி! சர்க்கஸ்ல சேரப் போறீங்களா தம்பி?"

ஆனாலும் வேலையை விடவில்லை. பல் குத்தும் குச்சியால் சக்கரத்தின் நடு ஹப்பிலிருந்து கறுப்புக் களிம்பைச் சுரண்டி, "த்தூ, எத்தனை வருஷத்து அழுக்கு, செத்த எலியாட்டம் நாறுது" என்று திட்டிக்கொண்டே, செய்ய வேண்டியதைச் சொன்னாள். சீட் பைப் நீளமாக வேண்டும். ஹேண்டில்பாரும் அதே அளவுக்கு உயர வேண்டும். சின்னச் சக்கரம் என்பதால் கால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொள்ளும், அதற்கு முன்னால் பெரிய பல்சக்கரம் போட வேண்டும். சீட்டை உயர்த்தினால் பாரம் பின்னால் போய் முன் சக்கரம் தூக்கும், ஆகவே சீட்டை முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். இந்தக் காலத்து பைப் எதுவும் அந்தச் சட்டத்தின் ஓட்டைக்குப் பொருந்தாது, தகரம் சுற்றித்தான் இறுக்க வேண்டும்.

அளவெடுக்க ஸ்டூல் போட்டு ஏறினாள். ஏணி சுவரோரம் நின்றார். தரையிலிருந்து இடுப்பு எலும்பு, தோளிலிருந்து மணிக்கட்டு. கரித்துண்டால் இடுப்பு எலும்புக்கு நேரே சுவரில் கோடு போட்டாள். "நான் ஒரு தடவைதான் அளப்பேன். ஒரு தடவைதான் அறுப்பேன்" என்றாள். ஏணிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவரும் அப்படித்தான் லென்ஸ் இழைப்பார்.

சகலை கெடு வைத்த ஒன்பதாம் நாள் வண்டி தயார். துடைத்துத் துலக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்து, ஒட்டகச்சிவிங்கிக் குட்டி மாதிரி நின்றது. பத்தாம் நாள் காலை ஏணி அதில் ஏறி மிதித்தார்.

நூறு அடி போனதுமே தெரிந்துவிட்டது. முழங்கால் மார்புக்கு ஏறியது. திருப்பும்போது முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. இடிக்காமல் இருக்கக் காலை அகட்டினால் தவளை நீந்துவது போல இருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருத்தர் போன் எடுத்துப் படம் பிடித்தார். இரண்டு கிலோமீட்டருக்குள் முட்டி எரிய ஆரம்பித்தது. இறங்கி நின்றபோது பின்னால் ஹார்ன் சத்தம். சகலையின் கார்.

அவர் கெடுவைக் கணக்கு வைத்திருந்தார் போலிருக்கிறது. பின் கதவை உள்ளிருந்தபடியே தள்ளித் திறந்தார். ஆரஞ்சுத் தோல் வாசனை வெளியே வந்தது. "ஏறு சகல. அந்த பொம்மையை டிக்கில போட்டுக்கலாம். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், போ."

முட்டி கெஞ்சியது. முதலாளியின் முகம் கண்முன் வந்தது. ஒரு நிமிஷம், வெட்கக்கேடு, ஏணியின் கை அந்தக் கதவுப் பக்கம் போகக்கூடச் செய்தது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தரை. "இதுதான் கடைசி" என்றார் முதலாளி.

சாயந்திரம் சைக்கிளைக் கடை வாசலில் தொப்பென்று போட்டார். "அளவு தப்பு!"

கடைக்கார அம்மாள் வாளியை உதைத்துக்கொண்டு எழுந்தாள். "என் அளவா? முப்பது வருஷமா அளக்கறேன் தம்பி, வாயைக் கழுவிட்டுப் பேசுங்க. நில்லுங்க அங்க."

நின்றார். மறுபடி அளந்தாள். கரிக்கோட்டில் இம்மி பிசகவில்லை. சீட் பைப்பை அளந்தாள், அதுவும் சரி. "இந்தச் சுவத்துல நிக்கற ஆளுக்கு இந்த வண்டி அச்சு அசலாப் பொருந்தும். நீங்கதான் ஓட்டத் தெரியாம ஓட்டறீங்க" என்றாள். ஏணி ஆத்திரத்தோடு வாயைத் திறந்தார். அவள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய், "சும்மா நிக்காம அதே சுவத்துல மேல கொக்கியில தொங்கற ரிம்மை எடுத்துக் குடுங்க" என்றாள்.

கோபத்திலும் ஏணி சொன்னதைச் செய்கிற ஆள். கையை நீட்டினார், எட்டினார். அம்மாள் சட்டென்று, "அசையாதீங்க!" என்று கத்தினாள். "அப்படியே நில்லுங்க. கையை மட்டும் இறக்குங்க. காலை அகட்டாதீங்க தம்பி, காலை அகட்டாதீங்க!"

கரித்துண்டை எடுத்து, இடுப்பு எலும்புக்கு நேரே இரண்டாவது கோடு போட்டாள். முதல் கோட்டுக்கும் அதற்கும் நடுவே விரல்களை வைத்தாள். நாலு விரற்கடை.

"இத்தனை நாளா யாரை அளந்தேன் நானு?" என்றாள்.

ஏணி குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் தாமாகவே விலகிக்கொண்டிருந்தன. வலது முட்டி தளர்ந்தது, இடுப்பு இறங்கியது, தோள் கூம்பியது. ஒன்றையும் அவர் செய்யவில்லை, தானாக நடந்தது. பள்ளிக்கூடத்து போட்டோவில், "டேய் நெட்டை, முகம் மறைக்குது" என்று வாத்தியார் அதட்டியபோது கற்றது. கல்யாண போட்டோவில் மனைவிக்குப் பக்கத்தில் செய்தது. முதலாளி எதிரே செய்வது. எல்லோரையும்விட அதிகமாக யாருக்கு என்று யோசித்தார். சகலைக்கு. ஐந்தடி இரண்டங்குல சகலை பேசும்போது அவர் வாய்க்கு நேராகத் தன் காது இருக்கும்படி ஏணி ஆறு வருஷமாகக் கூனிக் குறுகி நின்றிருக்கிறார். காரில் மடங்கியது கார் சின்னது என்பதால் மட்டும் இல்லை. சாவியைத் துடைத்த ஆள்மேல் வந்த அருவருப்பு இப்போது முழுசாகத் தன்மேல் திரும்பியது. துடைக்க வாகாக நீட்டிக் கொடுத்தது யார்? காறித் துப்பலாம் போலிருந்தது, யார்மேல் துப்புவது என்றுதான் தெரியவில்லை.

"பைப்பைக் கொஞ்சம் மேல தூக்கிக்க முடியாதாக்கா?"

"சட்டத்துக்குள்ள இருக்கறதே அஞ்சு விரல். அதுல நாலை வெளிய இழுத்தா சட்டம் பொளந்து நடுரோட்ல கிடப்பீங்க. வேற பைப்தான். இந்தத் தடவை நேரா நில்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நேராக நிற்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அவள் நாடாவை எடுத்தாலே முட்டி தளர்ந்தது. கடைசியில் அவருடைய இரண்டு கணுக்காலையும் பழைய டியூபால் சேர்த்துக் கட்டிவிட்டு அளந்தாள். அளந்து முடிப்பதற்குள் நாலு தடவை திட்டினாள்.

அன்று வீட்டில் சமையலறை வாசலில் வேண்டுமென்றே நேராக நின்று பார்த்தார். நிலையில் நெற்றி இடித்தது. மனைவி திரும்பிப் பார்த்து, "எதுக்கு ஸ்டூல் மேல நிக்கறீங்க?" என்று கேட்டாள். பிறகு கீழே அவர் பாதத்தைப் பார்த்தாள். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் அவரைப் பார்க்க அவள் கழுத்தை அவ்வளவு நிமிர்த்தியதில்லை.

மறுநாள் மட்டும் விடியும் முன்பே கிளம்பி பஸ்ஸில் போனார். அதற்கடுத்த நாள் புது பைப் போட்ட வண்டி. கால் முழுசாக நீண்டது. முட்டி எங்கும் இடிக்கவில்லை. சக்கரம் சின்னதாகவே இருந்தது, சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஏணி சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே காற்று வருகிற இடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு போனார்.

பெரிய சிக்னலில் சிவப்பு. வலது பக்கம் திரும்புவதற்காகச் சாலையின் நடுத்திட்டு விளிம்பில் ஒரு காலை ஊன்றி நின்றார். பக்கத்தில் சகலையின் கார் வந்து நின்றது. அந்த உயரத்திலிருந்து காரின் கூரைதான் தெரிந்தது. பறவை எச்சம் காய்ந்து அப்பியிருந்தது, ஆறு வருஷத்தில் அதை ஒரு தடவைகூடக் கழுவியதில்லை போல. கண்ணாடி இறங்கியது. கதவின் மேல் ஒரு கை தட்டியது.

"என்ன சகல, பொம்மை வண்டி…" மிச்சம் இரைச்சலில் போய்விட்டது.

"போயிட்டிருக்கேன்" என்றார் ஏணி.

"என்னது? குனிஞ்சு பேசு, ஒண்ணும் கேக்கல."

கழுத்து இறங்க ஆரம்பித்துவிட்டது. தோள் கூம்பிவிட்டது. தன் கை இன்னொருத்தர் சட்டைப்பைக்குள் போவதைக் கண்டுபிடித்த மாதிரி ஏணி அதைக் கண்டுபிடித்தார். உடம்பெல்லாம் கூசியது. அப்படியே நிறுத்தி, பழையபடி மேலே கொண்டுவந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் முடிந்தது.

"கேக்கணும்னா நீங்க வெளிய வாங்க" என்றார்.

பிறகு ஜன்னல் வழியாக ஒரு வழுக்கை விழுந்த உச்சந்தலை, பொடுகோடு, மெல்ல வெளியே நீண்டது. சகலை கழுத்தை ஒடித்துத் திருப்பி அண்ணாந்து பார்த்தார். அப்படித் திருப்பினால் எங்கெங்கே வலிக்கும் என்று ஏணிக்கு நன்றாகத் தெரியும்.