இடப்பக்கத்துக் கார்பன் பட்டை

அந்த மஞ்சள் வண்டி எங்கள் சந்துக்குள் வரவில்லை. இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், தரையோடு தரையாக இருக்கும். மட்டாஞ்சேரியில் சரக்கு லாரிகள் போய்ப் போய்ப் பள்ளமான ரோட்டில் அதை உருட்டிக்கொண்டு வந்ததே பெரிது. காக்கநாட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர் அதன் சொந்தக்காரர். நாற்பது வயது இருக்கும். வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு என் பட்டறைவரை நடந்து வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்குப் பின்னால் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஆள் இல்லையா?"

"நான்தான் ஆள்" என்றேன்.

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். ஒன்பது வருஷம் இடக்கொச்சியில் ஃபைபர் படகு கட்டும் யார்டில் ரெசின் பூசினேன். அப்போது யாரும் இப்படிக் கேட்டதில்லை. கார்களின் உள் அலங்காரப் பாகங்களுக்குத் தனியாகப் பட்டறை போட்ட பிறகுதான் எல்லோரும் ஆளைத் தேடுகிறார்கள். பழைய சுக்குக் குடோனின் முன்பக்கம்தான் என் பட்டறை. பின்பக்கம் இப்போதும் சுக்கு மூட்டைதான்.

அவர் பேசியதெல்லாம் மலையாளம். நான் தமிழாக எழுதுகிறேன், அக்கா என்பதற்கு அவர் சொன்ன சேச்சியை மட்டும் அப்படியே விட்டுவிட்டு.

வண்டிக்குள் கதவுகளில், கியரைச் சுற்றி, டாஷ்போர்டில் எல்லாம் கார்பன் ஃபைபர் பாகங்கள். கறுப்பு இழையைப் பாய் முடைகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக நெய்து, மேலே கண்ணாடி மாதிரி பூச்சு கொடுத்திருப்பார்கள். வெயிலில் நின்று நின்று அந்தப் பூச்சு மஞ்சளடித்துப் போயிருந்தது, புரை விழுந்த கண் மாதிரி. கியர் பக்கம் ஒரு விரிசல். வேலை இவ்வளவுதான்: பழைய பூச்சைத் தேய்த்து எடுத்து, விரிசலை அடைத்து, புதுப் பூச்சு அடித்து மெருகேற்ற வேண்டும்.

ஆறு பாகங்களில் ஐந்தைத்தான் அன்று கழற்றினேன். கழற்றக் கழற்ற அவர் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து வெள்ளை மார்க்கர் பேனாவை எடுத்து, எல்லாவற்றின் பின்பக்கமும் கையெழுத்துப் போட்டார்.

"எதுக்கு சார் இது?"

"சில இடத்துல அசலை எடுத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டினதைக் குடுத்துடறாங்களாம். சேச்சியைச் சொல்லலை."

என்னைத் தவிர அங்கே வேறு யார் இருந்தார்கள்?

ஆறாவது பாகம் டாஷ்போர்டில் இடப்பக்கத்துப் பட்டை, முழ நீளம். அதை மெக்கானிக் ஏற்கெனவே கழற்றி வைத்திருந்தான். இந்த வேலையை எனக்கு அனுப்பியவனும் அவன்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன், இடக்கொச்சியில் கராஜ் வைத்திருக்கிறான். நான் யார்டை விட்டு வந்தபோது முதல் கார் வேலையைக் கையில் கொடுத்தவன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஏசி ரிப்பேருக்காகப் பட்டையைக் கழற்றியவன், மறுநாள் காலையில் பழைய துணியில் சுற்றிக் கொண்டுவந்து, சாயாகூடக் குடிக்காமல் கொடுத்துவிட்டுப் போனான். சொந்தக்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவர் வந்ததும் எண்ணினார். "ஆறு இருக்கே. இது எப்ப வந்தது?"

"காலையில."

"நான் பாக்காம வந்திருக்கு." அதில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. மேஜை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

லீவு போட்டிருந்தார் போல. தினமும் வந்தார். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்ப்பார். கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து சந்து முனைக்கு ஓடுவார், வண்டியை யாராவது தொடுகிறார்களா என்று. அங்கே போனால் இங்கே பயம், இங்கே வந்தால் அங்கே பயம். எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை. கழற்றின இடத்தில் ஒரு கிளிப் ஓட்டைக்குள் மணல் இருந்ததைப் பார்த்திருந்தேன். வெள்ளத்தில் முங்கின வண்டியோ? அதை மறைத்து விற்கத்தான் இந்த மெருகோ? அவர் ஓடும்போதெல்லாம் நான் அவர் முதுகைப் பார்த்தேன்.

பூச்சைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்க்கும்போது பால் மாதிரி வெள்ளையாக வழியும். தண்ணீர் கறுத்தால் நிறுத்திவிட வேண்டும். இழையைத் தொட்டாயிற்று என்று அர்த்தம். ஐந்து பாகமும் நல்லபடியாக முடிந்தன. நாலாம் நாள் பட்டையை எடுத்தேன்.

வெள்ளையாகத்தான் வழிந்தது. பிறகு சாம்பல் நிறமாயிற்று. தாளை எடுத்துத் துடைத்தேன். இழைக்குப் பதில் வெளிறிய பிளாஸ்டிக் தெரிந்தது. அந்தக் கறுப்பு நெசவு மொத்தமும் ஒரு படம். தண்ணீரில் மிதக்க விட்டு ஒட்டுகிற அச்சுப் படம். சோறு வடித்த கஞ்சியின் ஆடை மாதிரி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அவர் சந்து முனையில் இருந்தார்.

ஈரத்துணியைப் போட்டு மூடினேன். ஏன் மூடினேன் என்று இன்றைக்கும் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. என்னிடம் அசல் கார்பன் துணி இருந்தது. ராத்திரியில் தனியாக உட்கார்ந்து அதன்மேல் ஒட்டியிருந்தால் யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்த அடுத்த நொடியே மெக்கானிக் ஞாபகம் வந்தது. ஒரு நாள் முழுக்க அவன் கையில் இருந்த பட்டை. எப்போதும் சாயா குடிக்காமல் போகாதவன் அன்றைக்கு மட்டும் ஏன் போனான்?

"அது என்ன மூடி வெச்சிருக்கு?"

அவர் திரும்பி வந்திருந்தார். துணியை எடுத்தேன். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சேச்சி, அசல் எங்கே?"

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் பர்ஸைத் தொலைத்தவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார். மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "உடனே வா" என்று மட்டும் சொன்னேன்.

அரை மணியில் ஸ்கூட்டரில் வந்தான். கையெல்லாம் கிரீஸ். பட்டையைப் பார்த்தான், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். நான் கேட்டேன்: "நீ கழட்டினப்போ இது இப்படித்தான் இருந்ததா? இல்ல, இடையில வேற யார் கைக்காவது போச்சா?"

"அக்கா, நீயா கேக்குற?"

"சொல்லு."

அவன் அவரிடம் திரும்பி, "சார், வண்டி வாங்கின அன்னிக்கு எடுத்த படம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? உள்பக்கம் தெரியற மாதிரி" என்று கேட்டான்.

இருந்தது. அவர் மனைவி டாஷ்போர்டில் கை வைத்துச் சிரிக்கிற படம். வாங்கி இரண்டு வருஷம் ஆகிறதாம். போனை வாங்கி விரல்களால் பெரிதாக்கினேன். மங்கல்தான். ஆனாலும் நெசவின் சாய்வு தெரிந்தது. அசலாக இருந்தால் வலப்பக்கத்துப் பட்டையில் இழை ஒரு பக்கம் சாயும், இடப்பக்கத்தில் எதிர்ப்பக்கம் சாயும். நடுவில் இரண்டும் மீன் முள் மாதிரி கூடும். படத்தில் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. அன்றைக்கே அது போலிதான். பட்டை கைக்கு வந்த அன்றே நான் கண்டுபிடித்திருக்க வேண்டியது. பாகத்தைப் பார்க்காமல் மனுஷர்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைச் சொல்லி முடித்ததும் மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தான். "அப்ப நான் வரேன் சார்" என்றான். அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். போனை அணைக்கவில்லை, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்கிட்ட வாங்கினீங்க சார்?"

"என் அளியன்கிட்ட. தங்கச்சி வீட்டுக்காரர்." போனை மடியில் கவிழ்த்து, "அவரும் வேற ஒருத்தர்கிட்ட வாங்கினதுதான். அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம், இல்லையா சேச்சி?" என்றார்.

"இருக்கலாம்."

"மணல் இருந்ததே. நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன்."

இத்தனை நாள் அவர் என்னைக் காவல் காத்தபோது, அவருக்குள் அந்த மணலும் இருந்திருக்கிறது.

"அசலா ஒண்ணு செஞ்சு குடுங்க. இங்கே நடந்தது யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார்.

பிளாஸ்டிக்மேல் மிச்சமிருந்த படத்தைச் சுரண்டி எடுத்து, அவர் கண் முன்னால் கார்பன் துணியை வெட்டினேன். சாய்வு எதிர்ப்பக்கம் வருகிற மாதிரி இரண்டு தடவை வைத்துப் பார்த்தேன். ரெசின் பூசினேன். மழைக்காலம். ஈரக்காற்று பட்டால் ரெசின்மேல் வெள்ளையாகப் பிசுபிசுப்பு ஏறிவிடும். பல்பைப் பக்கத்தில் எரியவிட்டுச் சூடு காட்டினேன். மூன்று தடவை பூசி மூன்று தடவை தேய்த்தேன். கடைசிப் பூச்சை விடிந்ததும் விடியாததுமாக அடித்தேன். பின்பக்கக் குடோனைத் திறந்தால் சுக்குத்தூள் பறந்து வந்து பூச்சில் உட்கார்ந்துவிடும்.

பத்தாம் நாள் எல்லாவற்றையும் வண்டியில் பொருத்தினேன். வெயிலில் இடமும் வலமும் நடுவில் கூடின. அவர் உள்ளே உட்கார்ந்து இடப்பக்கத்துப் பட்டையை நகத்தால் மெல்லத் தட்டினார். காதைக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தடவை தட்டினார்.

"சேச்சி, இது அசல்தானே?"

அவர் பார்க்கப் பார்க்க வெட்டி ஒட்டினது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். "அசல்தான் சார்" என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியாது. வண்டி பள்ளங்களில் வயிறு உரச மெதுவாகப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சி போனேன். மெக்கானிக் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டான் போல, வெளியே வர நேரமெடுத்தான். கராஜ் பையனிடம் சாயா வாங்கி வரச் சொன்னான். இரண்டு பேரும் நின்றுகொண்டே குடித்தோம்.

"தப்பாக் கேட்டுட்டேன் தம்பி."

"கேட்டது தப்பில்லக்கா. என் கையில ஒரு நாள் இருந்த சாமான். யாரா இருந்தாலும் கேப்பாங்க." டம்ளரைச் சுழற்றினான். "ஆனா நீ என்கிட்ட கேக்கும்போது அந்த ஆளப் பாத்துக்கிட்டுக் கேட்ட. நான் என்ன சொல்றேன்னு உனக்கு வேண்டாம். நீ கேக்குறது அவருக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அப்படித்தான் கேட்டேன். யோசித்துப் பார்த்தால், அவன் முகம் அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அதற்கப்புறம் ஐந்து மாதம் அவனிடமிருந்து ஒரு வேலையும் வரவில்லை. போன மாதம் ஒரு கார்பன் ஸ்டியரிங் அனுப்பினான், ஆட்டோவில், துண்டுச் சீட்டுகூட இல்லாமல். பிரித்து மேஜையில் வைத்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்க்கக் கை போயிற்று. பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன், அசல்தான். பிறகு அவனுக்கு போன் செய்து, சாமான் வந்து சேர்ந்தது என்றேன்.

"பாத்துட்டியா?" என்றான்.

"பாத்துட்டேன்."

"சரிக்கா" என்று சொல்லி போனை வைத்தான்.